மேட்டுப்பாளையத்தில் ஒரு கிளச் இல்லாத வண்டி

காரமடையிலிருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் என் இடது காலைப் பற்றி விசாரிக்காதவர்கள் குறைவு. டீசல் போடும் இடத்தில், ரயில்வே கேட்டில், காய்கறி மண்டியின் வாசலில், எங்கே வண்டியை நிறுத்தினாலும் யாராவது ஒருவர் சன்னல் பக்கம் குனிந்து என் காலடியைப் பார்ப்பார். "ஏனுங்க, கிளச் எங்கீங்க?" என்பார். இல்லை என்பேன். "அப்பறம் அந்தக் காலு என்னதான் பண்ணுமுங்க?" "சும்மா இருக்கும்ணே." இதைக் கேட்டுச் சிரிக்காமல் போனவர் யாருமில்லை. மலேசியாவில், ஈப்போவில் நான் வண்டி ஓட்டிய காலம் முழுவதும் என் காலை ஒருவரும் கவனித்ததில்லை. அங்கே பெரும்பாலானவர்களின் இடது கால் சும்மாதான் இருக்கும். இங்கே அது ஊர்ப் பேச்சாகிவிட்டது.

இங்கிருந்து கடல் தாண்டிப் போனவர்களின் கதைகள் நமக்கு நிறையத் தெரியும். நான் எதிர்ப்பக்கமாக வந்தவள். என் பெயர் ரெஜினா. ஈப்போவில் ஆட்டோமெட்டிக் கியர் பாக்ஸ் மட்டுமே பழுது பார்க்கிற ஒரு பட்டறையின் முன்மேசையில் வேலை பார்த்தேன். என் கணவர் ராஜ் காரமடைக்காரர். பினாங்கில் வேலையில் இருந்தபோது ஒரு கோயில் திருவிழாவில் பழக்கமானார். மாமனார் இறந்த பிறகு தாயை அண்ணன் பொறுப்பில் மட்டுமே விட்டுவிட மனமில்லாமல் அவர் ஊர் திரும்பினார். நானும் உடன் வந்தேன். அவர் இப்போது சரவணம்பட்டியில் ஒரு கணினி அலுவலகத்துக்குப் போய்வருகிறார். நானும் அவருடைய அண்ணன் சேவியரும் சேர்ந்து பாக்குமட்டைத் தட்டு செய்யும் சின்னப் பட்டறை ஒன்றை நடத்துகிறோம். சிறுமுகைப் பக்கத்துத் தோப்புகளில் விழுந்து கிடக்கும் மட்டைகளை வாங்கி வந்து, கழுவி ஊறவைத்து, சூடான அச்சில் அழுத்தித் தட்டாக்கிக் கோவைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அச்சுப் பக்கம் சேவியருடையது. மட்டை வாங்கி வருவதும் தட்டைக் கொண்டுபோய்ப் போடுவதும் என்னுடையவை. அதற்குத்தான் அந்தப் பழைய பிக்கப்.

குன்னூரில் ஒரு தேயிலை எஸ்டேட் அதிகாரி வைத்திருந்த வண்டி அது. ஆட்டோமெட்டிக் என்பதால் வாங்க ஆளில்லாமல் வெயிலிலும் மழையிலும் நின்றிருந்தது. ராஜ் எனக்காகவே தேடிப் பிடித்தார். ஏனென்றால் மலேசியாவில் நான் வாங்கியது ஆட்டோமெட்டிக் மட்டும் ஓட்டுவதற்கான உரிமம். இங்கே வந்து சேவியரின் வண்டியில் கிளச் பழகிப் பார்த்தேன். ஒருமுறை மாட்டுக் கொட்டகைத் தூணை இடித்தேன். இன்னொரு முறை ஏற்றத்தில் நின்றுவிட்டு, பின்னால் வந்த பேருந்து முழுவதையும் இறங்க வைத்தேன். எனக்கு அது வரவில்லை. வராத ஒன்றுக்காக அழுதுகொண்டிருக்கிற குணமும் எனக்கில்லை. பிக்கப்பைக் கொண்டுபோய்த் தேர்வு கொடுத்து இந்த ஊர் உரிமத்தை வாங்கிவிட்டேன்.

மொழியும் ஒன்றுதானே, என்ன சிரமம் என்று ஈப்போவில் அக்கா கேட்பாள். வந்த புதிதில் ஒருநாள் வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டியிருந்தது. பின்புறம் நின்றிருந்த சேவியரிடம், "தள்ளிக்குங்கண்ணே, கோஸ்தான் எடுக்கிறேன்!" என்று கத்தினேன். ஈப்போவில் குழந்தைக்கும் தெரிந்த சொல். ரிவர்ஸ் என்று அங்கே யார் சொல்வார்கள்? சேவியர் விலகுவதற்குப் பதிலாக வண்டியை ஒட்டி வந்து நின்று, "எத எடுக்கற அம்மணி?" என்று கேட்டார். நல்லவேளை, பிரேக்கில் கால் இருந்தது.

கோளாறு ஐப்பசி மழையில் தொடங்கியது. சிறுமுகையிலிருந்து மட்டை ஏற்றிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் அத்தை. அதாவது என் மாமியார். சின்ன ஏற்றம் ஒன்றில் என்ஜின் திடீரென்று கத்த ஆரம்பித்தது. கத்திய அளவுக்கு வண்டி போகவில்லை. அடுத்த கியருக்கு மாற வேண்டிய இடத்தில் மாறாமல் இழுத்துக்கொண்டே இருந்து, பிறகு 'டொக்'கென்று ஓர் உதையோடு மாறியது. அத்தை முன்னால் சாய்ந்து நிமிர்ந்தார்.

"என்ன கண்ணு, பொறகால யாரோ ஒதைக்கற மாதர இருக்குது?"

"யாரும் இல்லத்தே, கியர்தான்."

"இதுக்குத்தான் கியரே இல்லீன்னு சொன்னயே!"

வீட்டுக்கு வருவதற்குள் இன்னும் மோசமாகிவிட்டது. மூன்றாவது கியரிலேயே பூட்டிக்கொண்டது. நின்று கிளம்பினால் கிழட்டு மாடு எழுவதுபோல் எழுந்தது. டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. அன்று மாலை ராஜிடம் போனில், "காடி சரியில்ல, நாளைக்குப் பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஈப்போவில் காரைக் காடி என்றுதானே சொல்வோம். அத்தை மாட்டுக் கொட்டகைக்குப் போய்த் தொட்டியில் இருந்த காடித்தண்ணியை மோந்து பார்த்துவிட்டு வந்து, "நல்லாத்தான இருக்குது, கொஞ்சம் புளிச்சாத்தான் மாடு குடிக்கும்" என்றார்.

மறுநாள் கோவையில் ஒரு பெரிய சர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனோம். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்கள். கியர் பாக்ஸை முழுசாக மாற்ற வேண்டும், சாமான் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், எப்போது வரும் என்று உறுதியில்லை என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். அவர்களிடம் வருகிற வண்டிகளுக்கு அதுதான் வழக்கம் போலிருக்கிறது. ஆனால் நான் முன்மேசையில் உட்கார்ந்திருந்தவள். கம்ப்யூட்டர் சொல்வது எங்கே புகார் வருகிறது என்பதைத்தான், எந்தச் சாமான் செத்துப்போனது என்பதை அல்ல. ஒரு கியர் பாக்ஸைச் செத்ததென்று சொல்வதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய உண்டு. அவற்றில் ஒன்றையும் அங்கே யாரும் என்னிடம் கேட்கவில்லை.

திரும்பி வந்ததும் சேவியர் தீர்மானமாகச் சொன்னார். அவர் கெட்டவர் அல்லர். வந்த நாளிலிருந்து என்னை ஒரு சொல் கடிந்ததில்லை.

"அம்மணி, அன்னூர்ல ஒருத்தர் இந்த மாதர வண்டியெல்லாம் இருக்கற கோலத்துலயே எடுத்துக்கறாரு. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் வரச் சொல்லீட்டேன். குடுத்துப்போட்டு நம்மூரு வண்டி ஒண்ணு எடுத்துக்கலாம். எந்த மெக்கானிக்கும் பாப்பான்."

"அதை நான் ஓட்ட முடியாதேண்ணே."

"உனக்கென்ன, டிரைவர் போட்டுத் தாரேன். நீ பக்கத்துல நோகாம உக்கோந்து போ."

நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனாலும் அந்தச் சொல் என்னை உலுக்கிவிட்டது. இந்த ஊரில் எனக்கென்று பள்ளித் தோழி இல்லை, தாய்வீடு இல்லை, நினைத்தால் போய் உட்கார ஒரு சித்தி வீடு இல்லை. நான் இங்கே தெரிந்துகொண்ட மனிதர்கள் எல்லோரையும் அந்த வண்டியில் போய்த்தான் தெரிந்துகொண்டேன். தோப்புக்காரர்கள், கோவையில் தட்டு வாங்குகிறவர்கள், வழியில் இளநீர் வெட்டுகிற பெண் எல்லோரும் அப்படிக் கிடைத்தவர்கள்தான். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போகிறவளாக அவர்களை நான் தெரிந்துகொண்டிருக்க மாட்டேன். யாருடைய வசதிக்காகவோ காத்திருந்து கிளம்புகிறவளாக இந்த ஊரில் காலம் தள்ள எனக்கு விருப்பமில்லை. "ஞாயித்துக்கெழமைக்குள்ள நான் இத சரி பண்ணிடுவேண்ணே" என்றேன். சேவியர் சிரிக்கவில்லை. "பாரு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் கடைவீதிக்குப் போய் டீக்கடைக்காரரிடம், "இங்க நல்ல போர்மேன் யாராவது இருக்காங்களாண்ணே?" என்று கேட்டேன். ஈப்போவில் வண்டி பழுது பார்க்கிறவர்தான் போர்மேன். அவர் மிகுந்த அக்கறையோடு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டைக் காட்டினார். வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர் வெளியே வந்து, உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்து, நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்துத் தயக்கத்தோடு சொன்னார்.

"ஸ்பின்னிங்ல கியர் சத்தம்னா நான் பாத்துருவேனுங்க அம்மணி. இது வண்டிங்களே."

நூல் மில்லில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைவிட அதிகமாக மன்னிப்புக் கேட்டார், எனக்கு உதவ முடியவில்லை என்பதற்காக. பிறகு தன் மருமகனுக்குப் போன் செய்து விசாரித்து, செல்வராஜ் என்பவரின் பட்டறைக்கு வழி சொன்னார். ஈப்போவில் தப்பான கதவைத் தட்டினால், "சாலா", அதாவது தப்பு, என்று மலாயில் சொல்லிக் கதவைச் சாத்திவிடுவார்கள். இங்கே தப்பான கதவுக்குப் பின்னாலும் காப்பி இருக்கிறது.

செல்வராஜ் என் வயதுக்காரர். லாரிகளும் டிராக்டர்களும் அவரைத் தேடி வரும். ஆட்டோமெட்டிக் பாக்ஸ் ஒன்றை அவர் திறந்ததில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டார். நானும் ஒரு ஸ்பேனரைக்கூட உருப்படியாகப் பிடித்ததில்லை என்று சொன்னேன். இரண்டு பேருக்கும் அது நல்ல தொடக்கமாக இருந்தது. ஆனாலும் உடனே சண்டை வந்தது. அவர் என்ஜினை அணைத்துவிட்டு கியர் ஆயில் கம்பியை உருவினார். அளவு கோட்டைத் தாண்டி இருந்தது.

"ஆயில் எச்சா இருக்குதுங்க. கொஞ்சம் எறக்கிப்போடலாம்."

"வேணாம்ணே. இதை ஓடிக்கிட்டிருக்கும்போது பார்க்கணும்."

"ஓடறப்ப ஆயில் பாக்கறதா? எந்த ஊர்லீங்க?"

"எங்க ஊர்லண்ணே."

அவர் கைகளைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, என்ஜின் சூடாகும்வரை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி கியர் கோலை ஒவ்வோர் இடத்திலும் கொஞ்ச நேரம் வைத்துத் திரும்பப் பார்க்கிங்கில் போட்டுவிட்டு, என்ஜின் ஓடும்போதே கம்பியை உருவச் சொன்னேன். அளவு சரியான கோட்டில் இருந்தது. ஓடும்போது ஆயில் பாக்ஸின் உள்வழிகளில் எல்லாம் ஏறிக்கொள்ளும், நிறுத்தினால் இறங்கிவிடும். அணைத்துவிட்டுப் பார்த்து இறக்கியிருந்தால் இருந்ததும் குறைந்திருக்கும். கம்பியின் நுனியை வெள்ளைத் துணியில் துடைத்தோம். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் காப்பி நிறத்தில் இருந்தது. ஆனால் தீய்ந்த வாடை இல்லை. அதுதான் எனக்கு உயிர் வந்த இடம். பாக்ஸுக்குள் இருக்கும் உராய்வுத் தட்டுகள் தேய்ந்து கருகியிருந்தால் அந்த வாடை தப்பவே தப்பாது. ஈப்போவில் அதை வாசலில் வரும்போதே சொல்லிவிடுவோம்.

செல்வராஜ் பாக்ஸின் அடியில் இருந்த ஆயில் தட்டைக் கழற்றினார். அதன் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை மட்டும் ஒட்டியிருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். இரும்புத் துண்டு ஒன்றுகூடத் தட்டுப்படவில்லை. செல்வராஜின் முகம் மாறியது. "பல்லு எதும் ஒடையலீங்க" என்றார். அந்த வண்டிக்கென்று சொல்லப்பட்ட ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும், சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல என்று நான் பிடிவாதம் பிடித்ததால் கோவையிலிருந்து வரவழைத்தோம். வடிகட்டியும் புதிதாகப் போட்டோம். வண்டி இழுக்காமல் ஒழுங்காகப் போனது. அன்று அத்தையை ஏற்றிக்கொண்டு கடைவீதியை ஒரு சுற்றுச் சுற்றினேன். "இப்ப யாரும் ஒதைக்கலீல்ல?" என்று கேட்டேன். "வெண்ணெ மாதர போகுது கண்ணு" என்றார்.

வெள்ளிக்கிழமை சிறுமுகை போய்த் திரும்பும்போது, அதே ஏற்றத்தில், அதே சத்தம், அதே உதை, அதே மஞ்சள் விளக்கு. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒருநாள்தான் பாக்கி.

பட்டறைக்கு வெளியே வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே அச்சு இயந்திரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஈப்போ பட்டறையில் என் வேலை நினைவுக்கு வந்தது. வண்டிக்காரர் வந்து, "கியர் சரியில்ல லா" என்பார். அவ்வளவுதான் சொல்வார். நான் கேட்க வேண்டும். காலையிலா, ஓடிச் சூடான பிறகா? ஏற்றத்திலா, சமதளத்திலா? சுமையோடா, வெறுமனேயா? எந்தப் பாதையில்? எங்கள் தவுக்கே, அதாவது முதலாளி, நான் இவற்றைக் கேட்டு முடிக்கும்வரை வண்டியைத் தூக்க விடமாட்டார். இத்தனை நாளும் இங்கே நான் வண்டிக்காரியாகவே இருந்துவிட்டேன், முன்மேசைக்காரியாக இருக்கவில்லை. அன்றைக்கு என்னை நானே எதிரில் உட்காரவைத்துக் கேட்டேன்.

சூட்டிலா? கோவை வரை ஓடிச் சூடாகும் நாளில் வருவதில்லை. சுமையிலா? மட்டையைவிடத் தட்டுக் கட்டுகள்தான் எடை கூடுதல், அந்த நாள்களில் ஒரு தொல்லையும் இல்லை. ஏற்றத்திலா? சர்வீஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் மேம்பாலம் இருக்கிறது, அங்கே ஒழுங்காகத்தான் ஏறியது. அப்படியென்றால் சிறுமுகைப் பாதையில் மட்டும் என்ன இருக்கிறது? நான் மட்டை வாங்கும் பழனிச்சாமி அண்ணன் தோப்புக்குள் நுழையும் இடத்தில் ஒரு வாய்க்கால் குறுக்கே போகிறது. கோடையில் அதில் ஈரம்கூட இருக்காது. ஐப்பசியில் சக்கரம் பாதி முழுகும்.

இறங்கிப் போய் செல்வராஜுக்குப் போன் செய்தேன். "அண்ணே, நாளைக்குக் காலையில என்கூடத் தோப்புக்கு வர முடியுமா? பாக்ஸ் கெட்டுப்போகல. எங்கயோ தண்ணி போகுது."

"வாரனுங்க" என்றார். ஏன் என்று கேட்கவில்லை.

பழனிச்சாமி அண்ணன் பாக்குத் தோப்பும் வாழையும் வைத்திருப்பவர். வாய்க்காலில் இறங்காமல் இக்கரைக் களத்திலேயே வண்டியை நிறுத்தி, என்ஜின் ஆறட்டும் என்று நாங்கள் காத்திருந்தபோது மோர் கொண்டுவந்து கொடுத்தார். வெளிநாட்டுக்காரி என்று என்னிடம் எப்போதும் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார்.

"அங்க உங்களுக்குத் தோட்டம் இருந்துச்சுங்களா அம்மணி?"

"எங்க தாத்தா காலத்துல இருந்து தோட்டத்துலதான் இருந்தோம்ணே."

"அதான பாத்தேன்! தோட்டத்துப் புள்ளைன்னா பேச்சுலயே தெரியுமுங்க. எத்தன ஏக்ரா வருமுங்க?"

அவர் என்ன புரிந்துகொண்டார் என்பது எனக்குச் சற்றுப் பொறுத்துத்தான் உறைத்தது. இந்தப் பக்கத்தில் தோட்டம் என்றால் கிணறும் மோட்டாரும் உள்ள சொந்த நிலம். தோட்டத்தில் இருப்பவர்கள் என்றால் நிலத்துக்காரர்கள். மலேசியாவில் தோட்டம் என்றால் வெள்ளைக்காரனின் ரப்பர் எஸ்டேட். அதில் இருந்தவர்கள் பால் மரம் வெட்டியவர்கள், அதாவது மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுத்தவர்கள். "நிலம் எங்களது இல்லண்ணே. நாங்க அதுல கூலிக்கு இருந்தவங்க. வீடுகூட கம்பெனி வீடு" என்றேன். அவர், "எங்கய்யனுக்கு முந்தி நாங்களும் இன்னொருத்தர் காட்டுலதானுங்க" என்று சொல்லிவிட்டு மோர்ச் சொம்பை என் பக்கம் நகர்த்தினார். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சும் பைப்பை அவரே இழுத்துவந்தார்.

வண்டியைத் தோப்பு வழியில் ஓட்டிக் காட்டினேன். கியர் ஒழுங்காக மாறியது. நிறுத்திவிட்டு என்ஜினை ஓடவிட்டேன். செல்வராஜ் பக்கவாட்டில் சாக்கை விரித்துப் படுத்து, கியர் பாக்ஸின் ஒவ்வொரு பக்கமாகத் தண்ணீரைப் பீய்ச்சினார். முன்பக்கம் ஒன்றுமில்லை. இடப்பக்கம் ஒன்றுமில்லை. வலப்பக்கம் பாக்ஸோடு வயர்கள் கூடுகிற கப்ளரில் தண்ணீர் பட்டதும் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

"வந்துருச்சு!" என்று நான் போட்ட சத்தத்தில் பழனிச்சாமி அண்ணன் பைப்பின் மறுமுனையை நழுவவிட்டார். நனைந்தபடியே இருந்த வண்டியை மீண்டும் ஓட்டினேன். மூன்றாவது கியர். அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. கியருக்குக் கட்டளை கொண்டுபோகும் வயரில் தொடர்பு அறுந்தால், உள்ளே எதுவும் கெட்டுப்போகாமல் இருக்க வண்டி தன்னைத்தானே ஒரே கியரில் பூட்டிக்கொள்ளும். அது தன்னைக் காப்பாற்றிக்கொண்டதைத்தான் நாங்கள் செத்துப்போனதாக நினைத்திருந்தோம்.

கப்ளரைப் பிரித்தபோது உள்ளே பச்சை பூத்திருந்தது. தண்ணீர் போகாமல் காக்கும் ரப்பர் வெடித்துப் பிளந்திருந்தது. அதைத் துடைத்து மாற்றினால் போதும் என்று நான் நினைத்தேன். செல்வராஜ் எழுந்திருக்கவில்லை. என் போன் விளக்கை வாங்கி இன்னும் உள்ளே அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இக்கட்ட ஒரு கிளிப்பு இருந்திருக்கணுமுங்க. முன்னால எவனோ கழட்டிப்போட்டு மாட்டாமயே உட்டுட்டான். வயரு தொங்கி இரும்புல ஒரசுது பாருங்க. தோலு போயிருச்சு. ரப்பர் மட்டும் மாத்துனா அடுத்த மழைக்கு மறுக்காவும் இதே கததானுங்க."

அவர் சொன்னது சரி. வயரின் மேல்தோல் உரிந்து செம்பு தெரிந்தது. அவர் மேட்டுப்பாளையம் போய்ப் புதுக் கப்ளர் வாங்கிவந்தார். வயரை வெட்டிச் சேர்த்து, உறை போட்டுச் சூடுகாட்டி இறுக்கி, கிளிப் அடித்து மேலே தூக்கிக் கட்டினார். பிறகு பைப்பை என் கையில் கொடுத்து, "இப்ப நீங்களே அடிங்க" என்றார். அடித்தேன். தோப்பில் ஒரு வாழைக்குப் பாய வேண்டிய தண்ணீர் அத்தனையும் அந்தக் கப்ளரில் பாய்ந்திருக்கும். விளக்கு எரியவில்லை.

"நீங்க தண்ணியின்னு சொல்ற வரைக்கும் நானும் பாக்ஸயே நெனச்சுட்டு இருந்தனுங்க" என்றார் செல்வராஜ்.

"கிளிப்பை நான் கனவுலகூடப் பார்த்திருக்க மாட்டேண்ணே" என்றேன்.

வரும் வழியில் வேண்டுமென்றே வாய்க்காலில் மெதுவாக இறங்கி நின்று ஏறினேன். ஏற்றத்தில் கியர் எப்போது மாறியது என்றே தெரியவில்லை. பக்கத்தில் செல்வராஜ் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தார். "மாறீருச்சுங்களா? எப்பங்க?" என்று ஒருமுறை கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது, நானே அந்த வண்டியைச் செய்தவள் போல.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது அன்னூர்க்காரர் வாசலில் காத்திருந்தார். நான் சாவியைச் சேவியரிடம் நீட்டினேன். "மட்டைச் சுமை அப்படியே இருக்குண்ணே. நீங்களே கோத்தகிரி ரோட்டுல ஏத்திப் பாருங்க. அப்புறம் முடிவு பண்ணுங்க" என்றேன். அன்னூர்க்காரரும் ஏறிக்கொண்டார். அவர்கள் திரும்பி வரும்வரை நான் சமையலறையில் வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தேன். தேவைக்கு மேல் உரித்துவிட்டேன். ராஜும் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தார்.

வண்டிச் சத்தம் கேட்டு வெளியே வந்தபோது அன்னூர்க்காரரின் முகம் மலர்ந்திருந்தது. முன்பு பேசியதைவிட நல்ல விலைக்கே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். சேவியர் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். அவர் யோசிப்பது தெரிந்தது. நல்ல விலை, நல்ல சமயம். பழைய வண்டி மறுபடி எப்போது நிற்குமோ. அவருடைய கணக்கிலும் நியாயம் இருந்தது.

"அண்ணே, நான் இதை விக்கல" என்றேன். "இனிமே எது வந்தாலும் எங்க தேடணும்னு எனக்கும் செல்வராஜ் அண்ணனுக்கும் தெரியும். டிரைவர் எனக்கு வேணாம்."

அவர் பதில் சொல்வதற்குள் அத்தை வாசலுக்கு வந்துவிட்டார். கோயிலுக்குக் கட்டிய சேலையை இன்னும் மாற்றியிருக்கவில்லை.

"ஏன் சேவியரு, அந்த வண்டி போச்சுன்னா நான் பவானிக்கு யாரு கூடப் போறது? என்ற தங்கச்சியப் பாக்கோணுமின்னா உங்கப்பன் இருந்தப்பவும் மாசக்கணக்காக் கேட்டுக்கிட்டே இருப்பேன். நீயும் நாளைக்கு நாளைக்குன்னுதான் சொல்லுவே. இந்தப் புள்ள வந்தப்பறம் நெனச்ச அன்னைக்குப் போறேன். அத வித்துப்போட்டு என்னையும் ஊட்டுக்குள்ளயே உக்கோந்துக்கச் சொல்றயா?"

அதுவரை அத்தை தனக்கென்று சேவியரிடம் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அத்தைக்கு அந்த வண்டி என்னவாக இருந்தது என்பது எனக்குமே அப்போதுதான் தெரிந்தது. எனக்கு மட்டும்தான் அது வெளியே போகும் வழி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்று சேவியர் அன்னூர்க்காரரிடம் சொன்னார். "வண்டி ஊட்டுக்கு வேணுமாமுங்க." அன்னூர்க்காரர் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். உரித்த வெங்காயம் எல்லாம் அதற்குச் சரியாகப் போனது. கை கழுவும் இடத்தில் சேவியர் சாவியை என்னிடம் கொடுத்தார். "ஏழாவது கொண்டையூசி வரைக்கும் ஏத்திப் பாத்தேன் அம்மணி. ஒரு எடத்துல கூட திக்கல. நல்லாப் பாத்துருக்கீங்க ரெண்டு பேரும்" என்றார்.

இப்போது ஆட்டோமெட்டிக் வண்டி ஏதாவது வந்தால் செல்வராஜ் என்னைக் கூப்பிடுகிறார். சாக்கில் படுப்பது அவர், வண்டிக்காரரின் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்பது நான். பொதுவாகக் கேட்டால் எல்லோரும், "எப்பவும் அப்படித்தானுங்க" என்கிறார்கள். தோண்டிக் கேட்டால் எப்போதும் அப்படி இல்லை. ஈப்போவிலும் அப்படித்தான் சொல்வார்கள்.

திங்கட்கிழமை காலைகளில் காரமடையிலிருந்து வடக்கே வண்டியை விடுகிறேன். சாலை நேராக நீலகிரியைப் பார்த்துப் போகிறது. எதிரே மலை முழுவதும் நிற்கிறது, உச்சியில் மேகம். ஈப்போவில் எங்கள் வீட்டிலிருந்து பட்டறைக்குப் போகும் சாலையும் இப்படியே மலையைப் பார்த்துத்தான் போகும். அங்கே மலை கிழக்கே. காலையில் அதன் தலைக்கு மேல்தான் சூரியன் எழும்பி நேராகக் கண்ணில் குத்தும். இங்கேயும் ரயில்வே பாலம் தாண்டி மலை கண்ணில் பட்டதும் என் கை தானாகவே மேலே போய், வெயிலில் கண் கூசாமல் இருப்பதற்கான அந்த மறைப்பை இறக்கிவிடுகிறது. இறக்கிய பிறகுதான், எதிரில் வெயிலே இல்லை, வெயில் வலப்பக்கச் சன்னல் வழியாக என் கையில் ஏறிக்கொண்டிருக்கிறது என்று தெரிகிறது. மறைப்பைத் திரும்ப ஏற்றுவதில்லை. அது பாட்டுக்கு இறங்கிக் கிடக்க, ஒரு கை வெயிலில் காய, மலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டு போகிறேன்.